இரண்டு பெண் வீட்டார்

எங்கள் குடியிருப்பின் லிஃப்ட் அன்றைக்கு மூன்றாம் மாடிக்கு வந்து நின்று, கதவைத் திறந்து, உள்ளே யாரும் இல்லாமல் மூடிக்கொண்டு கீழே போனது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்தது. மறுபடியும் காலி. லிஃப்ட் பழுது பார்ப்பது என் தொழில். ஊரார் லிஃப்டையெல்லாம் சரிசெய்கிறவள் வீட்டு வாசலிலேயே ஒரு லிஃப்ட் இப்படிக் கூத்தடித்தால் என் மானம் என்ன ஆவது? கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினேன்.

லிஃப்டுக்கு ஒன்றும் இல்லை. கோளாறு வெளியே நின்றுகொண்டிருந்தது. திறந்த கதவுக்கு இந்தப் பக்கம் என் அப்பா, அந்தப் பக்கம் டாக்டரின் அப்பா. இருவரும் லேசாகக் குனிந்து, கையை உள்ளே நீட்டி, நீங்க முதல்ல, சேச்சே நீங்க முதல்ல என்று ஒருவரையொருவர் உபசரித்துக்கொண்டிருந்தார்கள். கதவு எவ்வளவு நேரம்தான் பொறுக்கும்? அது தன்பாட்டுக்கு மூடிக்கொண்டது. என் அம்மா கடைசிப் படியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தை நீவிக்கொண்டிருந்தாள். கதவு மூடப்போகிற அவசரத்திலாவது யாராவது ஒருவர் ஏறித் தொலைவார் என்று அவள்தான் கையை மட்டும் உள்ளே விட்டு மூன்றை அழுத்திப் பார்த்திருக்கிறாள். இருவரும் அசையவில்லையாம். லிஃப்ட் மட்டும் போய்ப் போய் வந்திருக்கிறது.

என் அப்பா நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். சாலையில் அவர் யாருக்கும் வழிவிட்டதாகச் சரித்திரம் இல்லை. ஆம்புலன்ஸுக்கு விடுவார், அதுவும் முணுமுணுத்துக்கொண்டே. அப்பேர்ப்பட்டவர் லிஃப்ட் வாசலில் இப்படிக் குழைந்து நிற்கிறார் என்றால் காரணம் ஒன்றுதான். அவர் பெண்ணைப் பெற்றவர். பெண் வீட்டாருக்கென்று ஒரு நிற்கும் விதம் உண்டு, ஒரு சிரிக்கும் விதம் உண்டு. நான் பிறந்த நாள் தொட்டு அதையெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். அவருடைய கெட்ட நேரம், எதிரில் நின்றவரும் பெண்ணைப் பெற்றவர்.

நான் டாக்டர் என்று சொல்வது பல் டாக்டரை. அவளும் நானும் ஒரே வீட்டில் வாழத் தொடங்கிப் பல வருடமாகிறது. இப்போது எங்கள் உறவை முறைப்படி பதிவு செய்துகொண்டு, நெருங்கினவர்களைக் கூப்பிட்டு ஒரு மதியச் சாப்பாடு போடலாம் என்று இருந்தோம். என் அப்பா வெகுகாலம் என்னோடு பேசாமல் இருந்தவர். அம்மா எனக்குப் போன் செய்யும்போது பின்னாலிருந்து இருமுவார். அந்த இருமல்தான் எங்கள் உறவு. பிறகு ஒருநாள் கன்னம் வீங்கி, வேறு வழியில்லாமல், டாக்டரின் கிளினிக்கில் போய் உட்கார்ந்தார். அவள் அவருடைய கடைவாய்ப் பல்லை அவருக்கே தெரியாமல் பிடுங்கிவிட்டாள். வாயில் பஞ்சோடு வெளியே வந்தவர், நல்ல கை என்று அம்மாவிடம் சொன்னாராம். அதன் பிறகு இருமல் போய்ப் பேச்சு வந்தது.

டாக்டரின் அப்பா வேறு மாதிரி. கடைத்தெருவில் அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கிறது. நான் அவரைக் கண்ணாடியப்பா என்பேன். மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே மனைவியை இழந்தவர். டாக்டர் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் முன்னால் நிறுத்தியபோது என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இவளுக்கு வட்டச் சட்டக் கண்ணாடி பொருந்தாது என்று மட்டும் சொன்னார். அவ்வளவுதான் சம்மதம். கடையடைத்ததும் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிடுவது அவர் வழக்கம். லிஃப்ட் கூண்டுக்கு மேலே ஏறித் தொங்குகிறவள் என்பதால் எனக்குக் குரங்கு என்று பெயர் வைத்திருந்தார். ஏய் குரங்கு, இன்னைக்கும் உப்பு எங்கே போச்சு என்று ஆரம்பித்தால், தட்டைக் கழுவிக் கவிழ்க்கும்வரை என் சமையலைத் திட்டுவார். திட்டிக்கொண்டே இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிடுவார். நான் பதிலுக்கு அவர் கடையில் இருக்கிற சட்டங்களையெல்லாம் கிண்டல் செய்வேன். எனக்கு நாளின் ஆக நல்ல பொழுது அதுதான்.

சரி, லிஃப்டுக்கு வருகிறேன். ஒருவழியாக இருவரையும் முதுகில் கைவைத்து ஒன்றாகத் தள்ளி மேலே கொண்டுவந்து சேர்த்தேன். வீட்டுக்குள்ளும் அதே கதை. யார் முதலில் உட்காருவது என்று நின்றார்கள். யார் முதலில் தேநீரை எடுப்பது என்று பார்த்திருந்தார்கள். தேநீர் ஆறி ஆடை கட்டிவிட்டது. தேதி என்ன என்று கேட்டால், உங்க சௌகரியம் என்றார் அப்பா. உங்க வீட்ல எப்படிச் சொல்றீங்களோ அப்படி என்றார் கண்ணாடியப்பா. சாப்பாடு எங்கே, யார் யாரைக் கூப்பிடுவது, எல்லாவற்றுக்கும் இதே பதில். நாங்களே முடிவு செய்துகொள்கிறோம் என்று டாக்டர் சொன்னபோது இருவரும் ஒரே நேரத்தில் பதறினார்கள். பெரியவர்கள் இருக்கும்போது அது எப்படி? அந்த ஒன்றில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் கூடினோம். அதற்கடுத்த ஞாயிறும் கூடினோம். பணிவு கூடிக்கொண்டே போனதே தவிர, வேலை ஒரு அங்குலம் நகரவில்லை.

இதற்கு நடுவில்தான் அந்தக் கேள்வி வந்தது. வராமல் இருக்குமா? வருடக்கணக்காக நாங்கள் கேட்டுப் புளித்துப்போன கேள்வி. என்னோடு வேலை செய்கிறவன் ஒருவன், நான் மோட்டார் அறையில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கும் சமயம் பார்த்து, உங்க வீட்ல யாருங்க ஆம்பளை என்பான். எங்கள் வீட்டில் ஆம்பளை இல்லை என்பதுதானய்யா விஷயமே என்று சொன்னால் தலையை ஆட்டிவிட்டு மறுவாரம் மறுபடியும் கேட்பான். டாக்டரிடம் நோயாளிகள் பாதி மரத்த வாயோடு கேட்பார்கள். சரி, இவர்களுக்குத்தான் தெரியாது என்று எங்களைப் போன்ற பெண்கள் கூடும் இடத்துக்குப் போனால், அங்கேயும் இரண்டு டப்பா வைத்திருந்தார்கள். கட்டை முடி என்றால் புட்ச், அதாவது ஆம்பளை மாதிரி; நீள முடி என்றால் ஃபெம், அதாவது பொம்பளை மாதிரி. என்னைப் பார்த்த மாத்திரத்தில் முதல் டப்பாவில் போட்டு மூடினார்கள். என் முடி கட்டையாக இருப்பதற்குக் காரணம் சுழலும் சக்கரங்கள். எங்கள் தொழிலில் நீள முடியோடு வேலைக்கு வந்தவர்களுக்கு நேர்ந்ததைச் சாப்பிடும் நேரத்தில் சொல்ல முடியாது. டாக்டரின் முடி நீளமாக இருப்பதற்குக் காரணம் சோம்பேறித்தனம். முடிவெட்டும் கடையில் காத்திருக்க அவளுக்குப் பொறுமை இல்லை.

வீட்டு வேலையை யார் எதைச் செய்வது என்று நாங்கள் உட்கார்ந்து பேசியதே இல்லை. அது தானாக அமைந்தது. நான் சமைக்கிறேன், ஏனென்றால் எனக்கு நாக்கு நீளம். அடைத்துக்கொண்ட சாக்கடைக் குழாயை அவள் குத்தி எடுக்கிறாள், ஏனென்றால் நாள் முழுக்க அடுத்தவர் வாயைப் பார்க்கிறவளுக்கு எந்த நாற்றமும் நாற்றமில்லை. பைக் ஓட்டுவது நான், கார் ஓட்டுவது அவள். படம் பார்த்து அழுவது நான். வீட்டுச் சொந்தக்காரரோடு சண்டை போடுவது அவள். குரலை உயர்த்தவே மாட்டாள். தான் தோற்றுவிட்டது அவருக்கு மறுநாள்தான் தெரியவரும். கரப்பான்பூச்சி வந்தால் இருவருமே நாற்காலி மேல் ஏறிக்கொள்வோம். அன்றைக்கு ஜெயிப்பது கரப்பான்பூச்சி. வாரத்தில் ஒருநாள் தானும் சமைப்பேன் என்று டாக்டர் பிடிவாதம் பிடிப்பாள். அது அவள் உரிமை. சாப்பிடுவது எங்கள் தலையெழுத்து.

இதையெல்லாம் அப்பாவுக்கு எப்படிச் சொல்வது? ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பால்கனிக்குத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனார். சுற்றும்முற்றும் பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. உங்க ரெண்டு பேர்ல யாரு... அதாவது... மாப்பிள்ளை?"

யாரும் இல்லை என்றேன். ஸ்டீயரிங் இல்லாத பேருந்தை எடுத்துக்கொண்டு போ என்று சொன்னதுபோல் என்னைப் பார்த்தார். அதே வாரம் கண்ணாடியப்பா பல்லைச் சுத்தம் செய்துகொள்ளப் போனவர், வாயைத் திறக்கும் முன் மகளிடம் இதையே கேட்டிருக்கிறார். அவளும் யாரும் இல்லை என்று சொல்லிவிட்டு எச்சில் உறிஞ்சும் குழாயை அவர் வாய்க்குள் விட்டுவிட்டாள். மேற்கொண்டு விசாரிக்க வழியில்லை.

எனவே பெரியவர்கள் இருவரும் கண்ணாடிக் கடையில் எங்களை விட்டுவிட்டுக் கூடி, தாங்களே தீர்ப்பு எழுதினார்கள். அம்மா உடன் போயிருந்ததால் விவரம் தெரிந்தது. கட்டை முடி, கால்சட்டை, கையில் ஸ்பானர், பைக்கில் முன்னால் உட்கார்வது: இது நான். நீள முடி, காதில் தொங்கட்டான், மெல்லிய குரல், பைக்கில் பின்னால் உட்கார்வது: இது டாக்டர். வழக்கு முடிந்தது. நான்தான் மாப்பிள்ளை.

அப்பாவிடம் வந்த மாற்றத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். அடுத்த ஞாயிறு லிஃப்டில் யாரையும் திரும்பிப் பார்க்காமல் முதலில் ஏறினார். வந்ததும் கைவைத்த நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். குரல்கூட ஒரு பிடி கனத்துவிட்டது. எங்க பக்கம் கூட்டம் அதிகம், எங்க பக்கம் வயசானவங்க இருக்காங்க, எங்க பக்கத்துக்குக் காலையில தோதுப்படாது என்று அடுக்கினார். கண்ணாடியப்பா ஒவ்வொன்றுக்கும் ஆகட்டும் ஆகட்டும் என்றார். அவர் முகத்தில் வருத்தமே இல்லை, நிம்மதிதான் இருந்தது. தேநீர் ஆறுவதற்குள் தேதி முடிவாகிவிட்டது. அப்பா புறப்பட்ட பிறகு நான் பொருமினேன். வேலை நடக்குதுல்ல, விடு என்றாள் அம்மா.

நானும் விட்டேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் ருசித்தும் பார்த்தேன். எனக்கென்று மெத்தை போட்ட நாற்காலி. நான் உட்காரும் முன் ஃபேன் சுழலும். கண்ணாடியப்பா ஆரஞ்சை உரித்து, நாரெல்லாம் எடுத்து, சுளைசுளையாகத் தட்டில் வைப்பார். தட்டைக் கழுவப் போனால் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வார். ஒருநாள் இரவு நான் கட்டிலில் சாய்ந்து, மாப்பிள்ளைக்குக் கால் வலிக்கிறது என்று டாக்டரிடம் சொன்னேன். அவள் தலையணையால் மாப்பிள்ளையின் மண்டையில் ஒன்று போட்டாள். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

சிரிப்பு நின்றது ஒரு வார்த்தையில். அடுத்த நாள் மாலை கண்ணாடியப்பா வந்தார். கதவைத் திறந்தேன்.

"வாங்க மாப்பிள்ளை. நல்லா இருக்கீங்களா?"

என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு என்னையே வாங்க என்கிறார். எனக்குப் பின்னால் யாரோ வந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்துவிட்டேன். அன்றைக்கு அவர் என்னை ஒருமுறைகூடக் குரங்கு என்று சொல்லவில்லை. வந்தீங்களா, போனீங்களா, சாப்பிட்டீங்களா என்று மரியாதையாகவே பேசி முடித்தார். மறுநாள் வேண்டுமென்றே குழம்பில் உப்பே போடாமல் வைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், வாயில் வைக்க முடியவில்லை. அவர் சோறு முழுவதையும் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, பிரமாதம் மாப்பிள்ளை, உங்க கைக்கு ஒரு ருசி உண்டு என்றார்.  அவ்வளவு மரியாதையை என் வாழ்நாளில் யாரும் என்மேல் கொட்டியதில்லை. அவ்வளவு தனியாகவும் நான் உணர்ந்ததில்லை.

பிறகு அவர் வருவது குறைந்தது. கடையில் கணக்கு இருக்கிறது, புதுச் சரக்கு வருகிறது, வயிறு சரியில்லை என்று ஒவ்வொரு மாலைக்கும் ஒரு காரணம் வந்தது. பிறகு காரணமும் வரவில்லை. ஒருநாள் டாக்டர் கிளினிக்கிலிருந்து நேரே கடைக்குப் போயிருக்கிறாள். கல்லாவுக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து, பொட்டலத்திலிருந்து ரொட்டியை எடுத்துத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாராம். ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, பொண்ணக் குடுக்கிற வீட்ல தினமும் போய்க் கைநனைக்கிறது மரியாதை இல்லம்மா என்றாராம்.

டாக்டர் வீட்டுக்கு வந்து காலணியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"அப்பா என்னைக் குடுத்துட்டாராம். உனக்கு."

இதைச் சொல்லிவிட்டு அழுதாள். அழுகிற பொறுப்பு எங்கள் வீட்டில் என்னுடையது. அவள் அழுது நான் பார்த்தது மிகக் குறைவு. என்ன செய்வதென்று தெரியாமல் அவள் காலணியைக் கழற்றிவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவளுக்கே உரிய மெல்லிய குரலில், அப்பாவை ரொட்டி தின்ன வைத்துவிட்டு எனக்கு ஒரு பதிவும் வேண்டாம் என்றாள். அவள் மெதுவாகச் சொன்னால் அது முடிவு. அதன் பிறகு அவள் பதிவைப் பற்றிய பேச்சையே எடுக்கவில்லை. தேதி மட்டும் நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்குக் கண்ணாடியப்பா மேல் கோபம், என் அப்பா மேல் கோபம், அந்த மெத்தை நாற்காலி மேலும் கோபம். எல்லாவற்றையும் விட, அவள் என்னை விட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்கிறாளோ என்று பயம். நான் எதுவும் செய்யாமலே அவளை அவள் அப்பாவிடமிருந்து பறித்தவள் ஆகிவிட்டேன்.

ஞாயிறு வந்தது. அப்பாவும் வந்தார். சம்பந்தி வராதது அவருக்குச் சற்றுக் குறையாக இருந்தது. யாரிடம் அதிகாரம் செய்வது? நாற்காலியில் சாய்ந்து காலைத் தூக்கிக் கால்மேல் போட்டார். டாக்டர் அவர் எதிரே போய் நின்றாள்.

"அங்கிள், நானும் மாப்பிள்ளைதான்."

"நீ எப்படிம்மா?"

"உங்க பொண்ணை நான்தானே கட்டிக்கப் போறேன்?"

அப்பா என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார். தன் வீட்டிலிருந்தும் ஒரு பெண் போகிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். மேலே போட்ட கால் தானாகக் கீழே இறங்கியது. அப்படியானால் நானும் பெண் வீடுதானா என்று அம்மாவிடம் கேட்டார். இப்பவாவது விடிஞ்சுதே என்றாள் அம்மா. டாக்டர் பிறகு முக்காலியையும் ரொட்டியையும் பற்றிச் சொன்னாள். அப்பாவின் முகம் செத்துப்போய்விட்டது. இத்தனை நாள் அந்த மனிதருக்கு முன்னால் நான் இப்படி உட்கார்ந்திருந்தேனே என்று தலையைத் தடவிக்கொண்டார். கால்மேல் கால் போட்டுப் போட்டு இடுப்பும் பிடித்துவிட்டதாகச் சொன்னார். அந்தக் கணமே கண்ணாடியப்பாவுக்குப் போன் போட்டு, சம்பந்தி, நீங்க முன்ன மாதிரி வந்து சாப்பிடுங்க, எனக்காக வாங்க என்று கெஞ்சினார். மாப்பிள்ளை வீட்டார் சொல்லித் தட்ட முடியுமா, அவசியம் வர்றேன் என்றார் அந்தப் பக்கம். வரவில்லை. அவருடைய பணிவை அசைக்க யாராலும் முடியாது என்று தெரிந்துபோயிற்று.

கடையடைக்கும் நேரம் பார்த்து நானே போனேன். கண்ணாடி அலமாரிகளைத் துடைத்துக்கொண்டிருந்தவர் துணியைப் போட்டுவிட்டு எழுந்து நின்றார். வாங்க மாப்பிள்ளை, என்ன சாப்பிடறீங்க என்றார். வரும் வழியெல்லாம் அவரைக் கன்னாபின்னாவென்று திட்ட நினைத்திருந்தேன். அவர் கைகட்டி நின்றார். சம்பந்தமே இல்லாமல், எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்றேன். பொய் இல்லை. லிஃப்டின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் இருக்கும் பொடி எண்களைப் படிக்க நான் கொஞ்ச காலமாகக் கையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளறைக்குக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்தார். அந்த அறைக்குள் நுழைந்ததும் ஆள் மாறிவிட்டார். கனமான சோதனைச் சட்டத்தை என் மூக்கில் மாட்டி, ஒரு கண்ணை மூடி, எதிர்ச் சுவரின் எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். ஒரு கண்ணாடி வில்லையைச் செருகுவார், எடுப்பார், வேறொன்றைச் செருகுவார். முதல்ல போட்டது தெளிவா, இப்ப போட்டது தெளிவா? முதலாவது என்பேன். இதுவா, அதுவா? அது என்பேன். இப்படியே போய்க்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு கட்டத்தில் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை.

"ரெண்டும் ஒண்ணாதான் இருக்கு," என்றேன்.

சரி என்று திருப்தியாகத் தலையசைத்துவிட்டுச் சீட்டில் எழுத ஆரம்பித்தார். எதுவென்று நான் சொல்லவில்லையே, மறுபடியும் கேட்கமாட்டீர்களா என்றேன். எதற்குக் கேட்க வேண்டும், ரெண்டும் ஒண்ணு என்று ஆள் சொல்கிற இடத்தில்தான் நிறுத்த வேண்டும், அதுதான் அவருக்குச் சரியான பவர், அதற்கு மேலும் இதுவா அதுவா என்று நச்சரித்தால் தப்பாக எதையாவது சொல்லிவைப்பார்கள், பிறகு போட்டுக்கொண்டு தலைவலியில் திண்டாடுவார்கள் என்று எழுதிக்கொண்டே விளக்கினார்.

"எங்களையும் அப்படித்தான் கேட்டீங்க. நாங்களும் இதைத்தான் சொன்னோம். நீங்க நிறுத்தல."

பேனா நின்றது. அவர் தன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார்.

"கடைக்கு வர்றவங்கள்லாம் கேப்பாங்க. யாரு புருஷன், யாரு பொண்டாட்டின்னு. எனக்குப் பதில் தெரியாது. பொண்ணோட வாழ்க்கையப் பத்திக் கேட்டா பதில் தெரியாத அப்பன் என்ன அப்பன்? மாப்பிள்ளைன்னு ஒரு வார்த்தை கிடைச்சதும் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன்."

மகளின் அம்மா இருந்திருந்தால் இதையெல்லாம் அவளே பார்த்துக்கொண்டிருப்பாள் என்றும் சொன்னார். பெண்ணைத் தனியாக வளர்த்ததில் என்னென்ன விட்டுப்போயிற்றோ தெரியாது, பெண் வீட்டாராக இருப்பதையாவது குறையில்லாமல் செய்துவிட வேண்டும் என்று நினைத்தாராம்.  நான் கோபத்தோடு வந்தவள் என்பதே மறந்துபோனது. உங்களுக்கு என்மேல் குறைவில்லாத மரியாதை இருக்கிறது, ஆனால் அதைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவராதீர்கள் என்றேன். நீங்கள் வராத வீட்டில் உங்கள் மகள் பாதித் தட்டோடு எழுந்துவிடுகிறாள் என்றேன். எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் கடைசியில் உளறினேன்.

"என்னைத் திட்ட ஆள் இல்லாம எனக்கு ஒண்ணும் ஓடலை."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தக் கனமான சட்டம் இன்னும் என் மூக்கில்தான் இருந்தது. ஒரு கண் பெரிதாகவும் ஒரு கண் மூடியும் நான் அழுதுகொண்டிருந்தது பார்க்கச் சகிக்கவில்லை போலிருக்கிறது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டத்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார். விளக்கை அணைத்தார். கடையின் இரும்புக் கதவைப் பாதி இறக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"என்ன சமைச்சிருக்க?"

இன்றைக்கு டாக்டர் முறை என்றேன். இழுத்த கதவை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். வழியில் எங்காவது கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போய்விடலாமா என்று ரகசியமாகக் கேட்டார். தெரிந்தால் இரண்டு பேர் பல்லையும் பிடுங்கிவிடுவாள் என்றேன். அதுவும் சரிதான் என்று பூட்டைப் போட்டார். பைக்கில் பின்னால் உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, வேகமாகப் போகாதே, குழியைப் பார், பிரேக்கைப் பிடி என்று வழிநெடுக அதட்டிக்கொண்டே வந்தார். அத்தனை அதட்டலும் எனக்குச் சுகமாக இருந்தது.

கதவைத் திறந்தவள் டாக்டர். கையில் கரண்டி, உள்ளேயிருந்து தீய்ந்த வாடை. அப்பாவைப் பார்த்தாள். வழிவிடாமல் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"யார் வீட்டுக்கு வந்திருக்கீங்க?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் உதவிக்குப் போகவில்லை.

"என் வீட்டுக்குத்தாம்மா. பசிக்குது."

டாக்டர் விலகினாள். அவர் உள்ளே போய்த் தானே தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். சோறு அடிப்பிடித்திருந்தது, குழம்பு கரைந்து தண்ணீராக இருந்தது. இரண்டாவது வாயிலேயே அவர், இதைச் சாப்பிடறவங்களுக்கு முதல்ல பல்லு இருக்கணும், அதுக்காகத்தான் நீ பல் டாக்டருக்குப் படிச்சியா என்று கேட்டார். டாக்டர் கரண்டியை ஓங்கினாள். பிறகு அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் வைத்தாள்.  பாதிச் சாப்பாட்டில் அவள் என் பக்கம் திரும்பி, பதிவுக்கு என்ன உடுத்திக்கொள்ளப் போகிறாய் என்று கேட்டாள்.